கூரையில் கை அகலத் துவாரம்

குற்றாலம்
8-6-2025

உமாவுக்கு,

முத்துவடிவு எழுதுவது. உன் மாமியார் எழுதுவது என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பதினைந்து வருஷமாக நீ என்னை அப்படி நினைக்கவில்லை என்பதால் பேரையே போட்டுவிட்டேன். போனில் பேசினால் மூன்றாவது பேச்சில் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். காகிதத்தில் அந்த வசதி இல்லை. முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் மகன் விஜயசங்கர் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்து நாலு மாதமாகிறது. உன்னிடம் என்ன சொன்னானோ தெரியாது. அவன் செய்கிறதை நான் சொல்லுகிறேன். காற்றில் இருக்கிற ஈரத்தை அவன் மிஷின் உறிஞ்சி எடுக்கிறது. உப்பு மாதிரி ஒரு பொடி, ராத்திரியெல்லாம் ஈரத்தைக் குடித்துவிட்டுப் பகல் சூட்டில் தண்ணீராகக் கக்குகிறது. அந்தத் தண்ணீரை, பேட்டரியில் சேர்த்த சோலார் கரண்டை வைத்து இரண்டாகப் பிளக்கிறான். ஒன்று நாம் மூச்சு வாங்குகிற காற்று. மற்றது ஹைட்ரஜன். அதைச் சிலிண்டரில் பிடித்தால் அடுப்பு எரிக்கலாம், வண்டி ஓட்டலாம். புகை கிடையாது, கரி கிடையாது.

"ஏலே, பிளந்த தண்ணி திரும்ப ஒட்டாதா?" என்று கேட்டேன்.

"எரியும்போது ஒட்டிக்கிடும் ஆச்சி. மறுபடி தண்ணியாத்தான் போகும்" என்றான்.

ஐந்தாவது படித்த எனக்கே விளங்கிவிட்டது. அவனுக்கு அப்படிச் சொல்லத் தெரிகிறது. அது எங்கள் வீட்டு ரத்தம்.

மிஷின் வைக்க இடம் கேட்டான். பின்பக்கத்து மோட்டார் அறையைக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கண்ணாடி, கதவுக்கு ரப்பர், உள்ளே வெள்ளை. எல்லாம் முடிந்த பிறகு கான்கிரீட் கூரையைக் குடைந்து கை அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டான். உள்பக்கம் கறுப்பு வலை அடித்திருக்கிறான். "புதுசா வெள்ளையடிச்ச அறைல எதுக்குலே ஓட்டை?" என்றால், "அது மிஷின் மூச்சு விடுத வழி ஆச்சி" என்கிறான்.

தினமும் காலையில் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதுவது நான்தான். வருகிறவர்களிடமெல்லாம் "எங்க ஆச்சிதான் இதுக்கு மேனேஜர்" என்கிறான். நீ பெற்றாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் திரும்பி வந்தது என்னிடம். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

முத்துவடிவு


நாகர்கோவில்
15-6-2025

அத்தைக்கு,

கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்து மாறவில்லை, அதிலிருக்கும் குரலும் மாறவில்லை.

அந்த மோட்டார் அறையையா கொடுத்தீர்கள்? வேறு இடமே இல்லையா? சாரலில் அந்த அறைக்குப் பியூஸ் போடப் போனவர்தான் சங்கரின் அப்பா. ஈரம் வடிந்த பிறகு போகலாம் என்று நான் சொன்னேன். "வயல் காயுது, சாரலுக்குப் பயந்தவன் என்ன ஆம்பள" என்று சொன்னது யார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கரண்ட் அடித்து விழுந்தவரைத் தூக்கி வந்து போட்ட இடத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு வெள்ளையடித்துவிட்டால் ஆயிற்றா?

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறவள். ஹைட்ரஜன் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் "எல்லாம் சேஃப்மா" என்று சொல்லி அவன் போனை வைத்துவிடுகிறான். அவன் கெட்டிக்காரன்தான். அவன் அப்பாவும் கெட்டிக்காரர்தான்.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த அறையில் சின்னதாக ஏதாவது சரியில்லை என்று தெரிந்தாலும் அன்றைக்கே வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பிறகு அவனை நீங்கள் பார்க்க முடியாது. மிரட்டுவதாக நினைத்தாலும் சரி.

உமா மகேஸ்வரி


குற்றாலம்
12-7-2025

உமாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு உலகம்மாளிடம் சொன்னால் அவள் "அந்தக் கேஸ்ல பப்படம் பொரிக்கலாமாக்கா?" என்று கேட்கிறாள்.

சாரல் வெளுத்து வாங்குகிறது. துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது, தீப்பெட்டி நமுத்துப் போயிற்று. மிஷினுக்கு மட்டும் கொண்டாட்டம். காற்றே தண்ணீராக இருக்கிறதல்லவா, போன மாதத்தைப் போல மூன்று மடங்கு நோட்டில் ஏறியிருக்கிறது. சங்கர் சின்ன அடுப்பு ஒன்று செய்து அதில் எனக்குக் காபி போட்டுத் தந்தான். தீயே தெரியவில்லை உமா. அடுப்பு சும்மா இருக்கிற மாதிரி இருக்கிறது, பால் பொங்குகிறது. எரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். முந்தானை ஓரம் கருகிய பிறகுதான் எரிகிறது என்று தெரிந்தது. பயப்படாதே, நூல் புடவைதான், உடனே தட்டி அணைத்துவிட்டான்.

அவன் சென்னைக்குப் போய் ஆறு நாளாகிறது. பணம் போடுகிற ஆட்கள் யாரையோ பார்க்க. மிஷின் தானாக ஓடும், என் பொறுப்பு நோட்டு மட்டும். ஆனால் கூரை ஓட்டை வழியே சாரல் உள்ளே தெறித்து அவன் வரைபடமெல்லாம் நனைந்துவிட்டது. போதாததற்குக் குரங்கு. முந்தாநாள் ஒரு தடியன் ஓட்டைக்குள் கையை விட்டு வலை ஓரத்தை இழுத்து ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எனக்கு உயிரே போயிற்று. குத்தாலிங்கம் கொத்தனாரைக் கூட்டிவந்து ஓர் ஏற்பாடு செய்துவிட்டேன்.

"ஆச்சி, தம்பிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாமே" என்றான்.

"நீ கலவயப் போடுலே. அவன் வந்து பாத்து அசந்து போவட்டும்."

இனி ஒரு சொட்டு விழாது, ஒரு விரல் நுழையாது. இன்ன ஏற்பாடு என்று உனக்கு எழுதமாட்டேன், அதிலும் குற்றம் கண்டுபிடிப்பாய். சங்கர் வந்ததும் அவனிடமே சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொள்கிறேன்.

முத்துவடிவு


நாகர்கோவில்
19-7-2025

அத்தைக்கு,

என்ன ஏற்பாடு? தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை காட்டுவேன். விரல் நீளக் குழாயில் கொஞ்சம் ஹைட்ரஜன் பிடித்து, வாய்ப்பக்கம் எரியும் குச்சியைக் கொண்டுபோனால் 'டப்' என்று வெடிக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். விரல் நீளக் குழாய்க்கே அந்தச் சத்தம்.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லும், இது கசிந்தால் எதுவும் சொல்லாது. எந்தக் குழாயிலும் இணைப்பிலும் துளித் துளியாகக் கசியத்தான் செய்யும். உலகத்திலேயே எடை குறைந்த வாயு என்பதால் நேராக மேலே ஏறும். மேலே வழி இருந்தால் ஆகாசத்துக்குப் போய்விடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. வழி இல்லாவிட்டால் கூரைக்கடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதன்பிறகு ஒரு தீக்குச்சி போதும், ஒரு சுவிட்சில் வரும் பொறி போதும். சங்கர் போட்ட துவாரம் அதற்காகத்தான். கூரை நனைந்தாலும் பரவாயில்லை, குரங்கு வயரையே பிடுங்கினாலும் பரவாயில்லை. அந்தத் துவாரம் திறந்திருக்க வேண்டும்.

நீங்கள் அதை அடைத்துவிடவில்லையே?

உமா மகேஸ்வரி


குற்றாலம்
27-7-2025

உமாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அன்று மத்தியானம் சங்கர் சென்னையிலிருந்து வந்தான். பையைக் கீழே வைக்காமலேயே அறைக்குள் போய்ப் பார்த்தான்.

"ஆச்சி, இந்தச் சாரல்லயும் உள்ள இவ்ளோ காஞ்சு கிடக்கே! எப்படி?" என்றான்.

"சாரல் நின்னு நாலு நாளாச்சுல்லா" என்றேன்.

நீ கேட்டதற்குப் பதில். மேலே தகரத்தால் குடை மாதிரி கவிழ்த்து நாலு பக்கமும் காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. போதுமா? எனக்கு அந்த அளவுக்கு அறிவு உண்டு. நீ குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி எனக்கு எழுத வேண்டாம். சங்கரிடம் இதையெல்லாம் கிளற வேண்டியதுமில்லை. வேலை நேரத்தில் அவனைக் குழப்பாதே.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கை முன்னைப் போல ஓடவில்லை.

அவன் உன்னிடம் சொன்னானா தெரியாது, சென்னை ஆட்களிடம் என் போட்டோவைக் காட்டினானாம். "எங்க ஆச்சி அஞ்சாப்புதான். நான் இல்லாதப்ப மிஷினப் பாத்துக்கிடுதது அவுகதான்" என்று சொன்னானாம். அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

சும்மா ஒன்று கேட்கிறேன். கதவைத் திறந்து வைத்தால் அந்த வாயு போய்விடாதா?

முத்துவடிவு


நாகர்கோவில்
16-9-2025

அத்தைக்கு,

உடனே எழுதவில்லை, மன்னிக்கவும். தேர்வு, வினாத்தாள், விடைத்தாள் என்று நாள் ஓடிவிட்டது. உங்கள் தகரக் குடையைப் பற்றிப் படித்ததும் மனசு ஆறிவிட்டது என்பதும் ஒரு காரணம். சங்கரையும் கேட்டேன். "மேல வலைக்கு அந்தப் பக்கம் வென்ட் ஓட்டை இருக்கத்தான செய்யுது, நான் போட்டதுதானம்மா" என்றான். நான்தான் தேவையில்லாமல் பயந்திருக்கிறேன். உங்களிடம் கடுமையாக எழுதியதற்கு வருத்தம்.

கதவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீழே இருப்பது கொஞ்சம் கலையும். மேலே ஏறியது கதவைத் தேடிக் கீழே இறங்காது. துவாரம் இருக்கும்போது நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அலாரம்தான் அவனை எரிச்சல்படுத்துகிறதாம். வாயு கசிந்தால் கத்துவதற்காகக் கூரைக்குக் கீழே ஒன்று மாட்டியிருக்கிறானே, அது ஆகஸ்ட் முழுக்கத் திரும்பத் திரும்பக் கத்தியதாம். இணைப்பையெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தானாம், ஒன்றும் பெரிதாக இல்லையாம். ஈரக் காற்றில் கெட்டுப்போய்ப் பொய்யாக அடிக்கிறது, புதிது வரும் வரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றான். குற்றாலத்து ஈரத்தில் எதுதான் கெடாது.

ஆயுத பூஜைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறான். செங்கோட்டையில் ஹோட்டல் வைத்திருக்கும் மூசா பாய் முதல் மிஷினுக்கு ஆர்டர் கொடுக்க அன்றைக்கு வருகிறாராம். முப்பது பேராவது இருப்பார்களாம். எல்லாரையும் அறைக்குள் நிறுத்தி உங்கள் கையால் மிஷினுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறான். "நீயும் ஆச்சியும் ஒண்ணா நிக்கணும்மா" என்றான்.

வருகிறேன் அத்தை. முதல் பஸ்ஸில் கிளம்பி வருவேன். அந்த அறைக்குள் நுழைய எனக்குக் கால் வருமா என்று தெரியவில்லை. வந்து பார்க்கிறேன்.

உமா


குற்றாலம்
27-9-2025

உமாவுக்கு,

வர வேண்டாம். வாசுதேவநல்லூர் ஆவுடையப்பன் நேற்றுச் சாயங்காலம் தவறிப்போனார். என் கொழுந்தனார் முறை, நெருங்கின பங்காளி. நமக்குப் பதினாறு நாள் தீட்டு. பூஜை கிடையாது, கற்பூரம் கிடையாது, வீட்டில் விளக்கே ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மூசா பாய்க்கும் மற்றவர்களுக்கும் சங்கர் போன் போட்டுச் சொல்லியாயிற்று. உனக்கும் சொல்லியிருப்பான்.

வேறு ஒன்றும் இல்லை.

முத்துவடிவு


நாகர்கோவில்
6-10-2025

அத்தைக்கு,

இறந்துபோன ஆவுடையப்பன் மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் ஆயுத பூஜை வாழ்த்து அனுப்பியிருக்கிறார். வண்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டுப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு எடுத்த போட்டோதான். தெரியாமல் யாரோ அனுப்பியிருப்பார்கள் என்று போன் செய்தேன். அவரே எடுத்தார். "என்ன மருமவளே, நல்லாருக்கியா? குரல் ஏன் நடுங்குது?" என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கிளம்புவதற்குப் புடவை மடித்து வைத்திருந்தேன் அத்தை. நேந்திரங்காய் வறுவல் வாங்கி வைத்திருந்தேன், உங்களுக்குப் பிடிக்கும் என்று. பதினைந்து வருஷம் கழித்து வருகிறவளை வாசலில் நிறுத்த மனசில்லாமல் ஒரு மனிதரையே சாகடித்துவிட்டீர்கள். முப்பது பேர் முன்னால் என் பக்கத்தில் நிற்க அவ்வளவு கசப்பா? மிஷினின் பெருமையில் பெற்றவளுக்கு ஒரு ஓரம்கூடக் கொடுக்கக் கூடாதா?

சங்கரிடம் இதைச் சொல்லவில்லை. உங்களைப் பற்றி அவன் வைத்திருக்கும் நினைப்பை நான் கெடுக்கவில்லை. அவன் போன் செய்தாலும் இரண்டு நாளாக நான் எடுக்கவில்லை. எடுத்தால் சொல்லிவிடுவேன்.

இனி எழுத வேண்டாம்.

உமா மகேஸ்வரி


குற்றாலம்
10-10-2025

உமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் தீராது.

நீ வரக் கூடாது என்றா ஒரு மனுஷனைக் கொன்றேன்? நீ வருகிறாய் என்று படித்த அன்றைக்கு மேல்வீட்டு அறையை இரண்டு தடவை கழுவிவிட்டேன். உனக்குப் புது விரிப்பு வாங்கினேன். அதன்பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கூரைக்குக் கீழே நீ, சங்கர், இன்னும் முப்பது பேர், நடுவில் என் கையில் கற்பூரத் தட்டு.

தகரக் குடை என்று எழுதியது பொய். குத்தாலிங்கத்தை வைத்து ஓட்டையின் மேல் கடப்பைக்கல் வைத்துச் சுற்றிலும் சிமென்ட் பூசி அடைத்துவிட்டேன். கீழிருந்து பார்த்தால் கறுப்பு வலைதான் தெரியும். அதனால் சங்கருக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. அவனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சென்னையில் அவர்கள் எனக்குக் கை தட்டினதை அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதோடு, சின்னதாக ஏதாவது சரியில்லை என்றாலும் கூட்டிக்கொண்டு போவேன் என்று நீ எழுதியிருந்தாய். வாயை மூடிக்கொண்டேன். அலாரம் பொய்யாக அடிக்கிறது என்று நீ எழுதினாயே, அது பொய்யாக அடிக்கவில்லை என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

குத்தாலிங்கம் கொல்லத்தில் வேலைக்குப் போயிருக்கிறான். போன் போட்டேன். "தீவாளிக்கு வாரேன் ஆச்சி, வந்த அன்னிக்கே ஒடச்சுத் தாரேன்" என்றான். வேறு கொத்தனாரைக் கூப்பிட்டால் விஷயம் சங்கர் காதுக்குப் போய்விடும். அதனால்தான் ஆவுடையப்பன். தீட்டு என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சங்கர் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். "நேத்தே எடுத்தாச்சுலே, இப்பம் போயி யாரப் பாக்கப் போற?" என்று நிறுத்தினேன். பாவம், அந்த மாலையைத் தாத்தா படத்துக்குப் போட்டான்.

தினமும் கதவைத் திறந்தே வைக்கிறேன், அதனால் பிரயோசனமில்லை என்று நீ எழுதியிருந்தும். முந்தாநாள் அவன் தென்காசிக்குப் போயிருந்தபோது கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஆறாவது படிக்கு மேல் ஏற முடியவில்லை. கல்லில் இரும்பு பட்டால் பொறி வருமே என்பதும் அங்கேதான் ஞாபகம் வந்தது. இறங்கிவிட்டேன்.

மூசா பாய் நேற்று வந்தார். "தீட்டு நிங்களுக்குத்தானே ஆச்சி, மிஷினுக்கு இல்லல்லோ" என்று சிரித்துவிட்டு முன்பணத்தை வைத்துவிட்டுப் போனார். அவருக்காகப் பெரிய சிலிண்டரும் புதுக் குழாயும் மாட்டி, சாயங்காலமே மிஷினை ஓடவிட்டுவிட்டான் சங்கர். ராத்திரி முழுக்க மழை. கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டிக் கிடக்கிறது.

இப்போது விடிந்து நேரமாகிவிட்டது. டிரில்லைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று "ஆச்சி, ஏணி எங்கன?" என்று கேட்கிறான். சிலிண்டரைப் பிடித்து நிறுத்த அறைச் சுவரில் உயரத்தில் கிளாம்பு அடிக்கணுமாம். ஏணி எங்கே என்று தெரியாது என்றேன். தேடி எடுத்துவிட்டான்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர நாலு நாளாகும். அவனிடம் நடக்க இருபது அடி. பேனாவை வைத்துவிட்டு அவனிடம்


நாகர்கோவில்
29-10-2025

அத்தைக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் தபாலில் வரவில்லை. அன்று மத்தியானம் நான் ஓடி வந்தபோது உங்கள் கட்டிலில் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் இருந்தது. உலகம்மாக்கா பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டேன்.

உங்களைத் தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இடது கைத் தீப்புண் ஆறி வருகிறதா? நீங்கள் வாசலில் நின்று "ஏலே, அதக் கீழ போட்டுட்டு வெளிய வா" என்று கத்தினீர்களாம். அவன் ஏணியிலிருந்து இறங்கி, கையில் டிரில்லோடு கதவு வரை வந்தானாம். "என்ன ஆச்சி?" என்று கேட்கும்போது விரல் சுவிட்சில் பட்டிருக்கிறது. கூரை மேலே எழும்பி அப்படியே உள்ளே இறங்கியது. கதவுப் பக்கம் வந்ததால்தான் உயிரோடு இருக்கிறான். நீங்கள் கூப்பிட்டதால்தான் வந்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

இரண்டு காதும் கேட்கவில்லை. ஒன்று மெல்லத் திரும்பலாம் என்கிறார் டாக்டர். மற்றதைப் பற்றி அவர் பேசவில்லை. எது சொல்வதானாலும் நோட்டில் எழுதிக் காட்டுகிறேன்.

விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் "டிசைன் என்னோடது, தப்பும் என்னோடது" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறான் அத்தை. எவ்வளவு கசிந்திருக்கும், எவ்வளவு வெளியேறியிருக்கும் என்று பக்கம் பக்கமாக. கை அகலத் துவாரம் போதவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறான். மூசா பாயின் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். வரைபடங்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கிறான். ஈரத்திலிருந்து எரிபொருள் எடுக்க ஆசைப்பட்ட தான் ஒரு முட்டாள் என்று எனக்கு எழுதிக் காட்டினான். அது என் மகன் பேச்சு இல்லை.

என்னிடம் உங்கள் கடிதம் இருக்கிறது. அதை அவன் முன்னால் வைக்க அரை நிமிஷம் ஆகாது. மூன்று தடவை கொண்டுபோய் மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டேன். ஆவுடையப்பன் மாமா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த அன்று, நான் வரக் கூடாது என்றுதான் நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று முடிவு செய்தேன். அந்தக் கோபத்தில் அவன் போனைக்கூட எடுக்கவில்லை. எடுத்துப் பேசியிருந்தால் ஒன்றில்லாவிட்டால் ஒன்று வெளிவந்திருக்கும். என் பங்கும் இதில் இருக்கிறது. அதை நான் அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பங்கை நான் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். எனக்கு அல்ல, அவனுக்கு.

உமா


குற்றாலம்
5-11-2025

உமாவுக்கு,

வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுத முடியவில்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

திங்கட்கிழமை அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். இடிபாட்டுக்குள் கடப்பைக்கல் துண்டு கிடந்ததைப் பற்றிக் கேட்டார்கள். குத்தாலிங்கமும் நின்றான். "ஐயா, நாந்தான் கலவ போட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டான். "நீ கூலிக்குப் போட்டலே. போடச் சொன்னது நான், மறச்சது நான்" என்று சொல்லி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பெரியவர் ஒருவர் "பாட்டி, படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுதீங்களா?" என்றார். "எழுதினதே நாந்தான்யா" என்றேன். தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. உலகம்மாள் இரண்டு நாளாகச் சோறு மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள்.

என் மகன் ஜெகதீசன் விஷயத்தில் நீ எழுதியதும் சரி. அன்றைக்குப் போகச் சொன்னது நான்தான். பதினைந்து வருஷமாக நீ சொன்னபோதெல்லாம் இல்லை என்றேன். இல்லை இல்லை என்று சொல்லியே பழகிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் இந்தப் பிள்ளையின் காதைக் கொண்டுபோய்விட்டது.

சங்கருக்கு எழுதியதை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீ படித்துக்கொள். ஒரு பக்கம்தான். முதலில் ஆறு பக்கம் வந்தது. குரங்கு, சாரல், அவன் வரைபடம் நனைந்தது, நீ என்னை மிரட்டியது என்று எல்லாம் போட்டிருந்தேன். திரும்பப் படித்தால் அத்தனையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினதாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அவனுக்கு எழுதியதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: உன் துவாரம் போதாமல் போகவில்லை, அதை நான் அடைத்தேன். உன் அலாரம் பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன். உன் மிஷின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதைப் படித்தபின் அவன் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று நினைத்தால் அது நியாயம். நான் அவனைக் கூப்பிட மாட்டேன், நீ கூட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். கிழித்த வரைபடத்தை மட்டும் குப்பையிலிருந்து எடுத்து வை.

அவன் படிக்கும்போது பக்கத்தில் இரு. தனியாக விடாதே. படித்து முடித்ததும் அவன் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே.

முத்துவடிவு